இன்னொரு காது

கேட்டுக்கிட்டே வாங்க சார், உசிலம்பட்டி போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. என் பேர்ல தப்புன்னா இந்த எடத்துலயே என்னைய ரெண்டு அறை விட்டுட்டு எறங்குங்க. தாய்மாமன் ஒருத்தன் உசுரோட இருக்கான். உசுரோட மட்டுமா, பட்டு வேட்டி கட்டி, சீர்த்தட்டு எடுத்து, மேளத்தோட வாசல்ல வந்து நிக்கிறான். அவனை நிக்க வச்சுக்கிட்டு, பெத்தவ தன் மடியிலயே புள்ளைய உக்கார வச்சுக் காது குத்திக்கிட்டா. இந்தக் கூத்தை எங்கிட்டாவது கேட்டுருக்கீங்களா? இந்த நாப்பத்தஞ்சு வயசுல நான் கேட்டதில்ல சார். இன்னைக்குக் காலையில ஆண்டிபட்டியில கண்ணால பாத்துட்டு வாறேன்.

பட்டு வேட்டியோட ஒருத்தன் பஸ்ல வர்றானேன்னு ஏறும்போதே பாத்தீங்கள்ல, அதான் சொல்றேன். போகும்போது வேன்லதான் போனோம். சொந்தக்காரங்க பதினெட்டுப் பேரு, மேளக்காரங்க நாலு பேரு. அவுக எல்லாரும் அதே வேன்ல ஊருக்குப் போறாக. நான் ஏறல. ஏறுனா அத்தனை மூஞ்சியையும் பாக்கணும். என் பொண்டாட்டி மாரீஸ்வரி மட்டும் கீழ எறங்கி வந்து கையப் புடிச்சுக் கூப்புட்டா. போடி, உன் சோலியப் பாத்துக்கிட்டுன்னு சொல்லிட்டு ஸ்டாண்டுக்கு நடந்துட்டேன்.

என் பேரு சவுந்தரபாண்டி. பந்தல் போடுறதுதான் தொழிலு. எங்க பக்கத்துல காதுகுத்துன்னா பந்தலு, சேரு, மைக்கு எல்லாம் என்னோடதுதான். எத்தனை தாய்மாமனுக்கு நாற்காலியச் சோடிச்சுப் போட்டுருப்பேன். "தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்"னு நானே மைக்குல கூப்புட்டுருப்பேன். மாமன் மடின்னா என்னன்னு எனக்கு ஒருத்தி சொல்லித் தர வேண்டியதில்ல. புள்ளைக்கு மொட்டை எடுத்து மாலை போட்டு மாமன் மடியில வைப்பாக. ஆசாரி குத்தும்போது புள்ள வீல்னு கத்தும், கைய காலை உதறும். மாமன் நெஞ்சோட சேத்து இறுக்கிப் புடிச்சுக்கிருவான். அந்தப் புடியிலதான் சார் மொத்த உறவும் இருக்கு. பெத்த அப்பன்கூட அந்த நேரத்துல ஓரமாத்தான் நிக்கணும்.

எனக்கு ஒரே தங்கச்சி, ரேணுகா. எங்கப்பா வெள்ளனவே போய்ச் சேந்துட்டாரு. அவளைத் தூக்கிச் சுமந்து வளத்தது நான்தான். தொண்ணூத்தொம்பதுல அவளுக்குப் பதினோரு வயசு. மொட்டை மாடியில காயப் போட்ட மொளகாயைக் கூட்டி அள்ளிக்கிட்டே பின்னால நடந்தவ, சுவர் இல்லாத பக்கமா கீழ விழுந்துட்டா. உள்ளுக்குள்ள மண்ணீரல் கிழிஞ்சுருச்சு. மதுரையில ஒரு ஆஸ்பத்திரி. இப்ப அது இல்ல, இடிச்சுட்டு ஜவுளிக்கடை கட்டிட்டாய்ங்க. உடனே ரத்தம் வேணும்னாரு டாக்டரு. அப்பெல்லாம் இப்ப மாதிரி ஆயிரத்தெட்டு டெஸ்ட்டு கெடையாது சார். குரூப்பு பாத்தாய்ங்க, இன்னும் ஒண்ணு ரெண்டு என்னமோ பாத்தாய்ங்க, சேந்துச்சு, படுடா தம்பின்னாய்ங்க. படுத்தேன். ஒரு பாட்டிலு. பத்தலைன்னா இன்னொண்ணு எடுங்கன்னு அடுத்த கையையும் நீட்டுனேன். கூட வந்த சித்தப்பன் மகன் ஊசியப் பாத்ததும் டீ குடிக்கப் போனவன், ராத்திரிதான் திரும்புனான். வேற ஒருத்தன் குடுக்கல. என் ஒருத்தன் ரத்தந்தான் ஏறுச்சு. அவ பொழச்சா.

இதை நான் சொல்லிக்காட்டுறேன்னு வீட்டுல எல்லாருக்கும் சடவு. சொல்லத்தான் செய்வேன். ஏன் சொல்லக் கூடாது? அவ கல்யாணத்துல மைக்கைப் புடிச்சே சொன்னேன். மாப்பிள்ளை, பாத்துக்கங்க, இவ உடம்புல ஓடுறது என் ரத்தம்னு. எல்லாரும் கை தட்டுனாக. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. வெக்கம்.

இந்தா, இந்தக் கையிலதான் எடுத்தாய்ங்க. சிங்கம் தெரியுதா? இப்ப மங்கிப்போச்சு. அதுக்கு ரெண்டு வருசம் முன்னால, சித்திரைத் திருவிழாவுல குத்துனது. மெஷினு பச்சை. அப்ப அது புதுசு. நாங்க சேக்காளிக பதினாலு பேரும் வரிசையா உக்காந்து ஒரே மெஷினு, ஒரே ஊசியில குத்துனோம். ஒருத்தனுக்கும் சீப் புடிக்கல. அப்படி உடம்பு சார் எங்க உடம்பு. அதுல ஒருத்தன் மட்டும் நாலஞ்சு வருசத்துக்கு முன்னால வயிறு ஊதிச் செத்தான். குடிதான். அவன் குடிச்சதே இல்லைன்னு அவன் பொண்டாட்டி அழுவா. யாரு நம்புறது?

சரி, கதைக்கு வாறேன். மாப்பிள்ளை கதிரேசன் பஸ் டிப்போவுல மெக்கானிக்கு. நல்லவருதான், வாயில்லாத ஆளு. எட்டு வருசம் புள்ள இல்ல. போகாத கோயில் இல்ல. கடைசியில உண்டாச்சு. ஊரு பூரா முட்டாய் குடுத்தேன். அடுத்த மாசமே போன் வருது, மாசமா இருக்கறவுகளுக்கு எடுக்குற டெஸ்ட்டுல ரேணுகாவுக்கு என்னமோ இருக்காம்னு. ஹெபடைடிஸ் சி. கல்லீரல்ல இருக்கற கிருமியாம், ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குத் தொத்துமாம். இருபது முப்பது வருசம் வெளிய காட்டாமக் கெடக்குமாம்.

நான் விட்டனா? நேரா ஆண்டிபட்டிக்குப் போனேன். "இதை எங்க போயி வாங்கிட்டு வந்த?"ன்னு கேட்டேன். ஆமா, அப்படித்தான் கேட்டேன். கேக்க வேண்டியது ஆம்பளை கடமை. அப்பறம் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, நீரு எங்கிட்டும் போயிட்டு வந்தீரான்னு கேட்டேன். அந்த மனுசன் அன்னைக்கே டெஸ்ட்டு எடுத்துக் காட்டிட்டாரு, ஒண்ணுமில்லைன்னு. இந்தக் காலத்துல யாரு எதை எழுதித் தருவான்னு தெரியாது பாருங்க, நான் அந்தத் தாளை வாங்கிப் பாக்கல.

அங்க ஒரு டாக்டரம்மா இருக்காக. அவுக எல்லாரையும் உக்கார வச்சு வெளக்கம் சொன்னாக. வயித்துப் புள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், நூத்துல அஞ்சாறு புள்ளைக்குத்தான் போகும், பால் குடுக்கலாம், தூக்கலாம், முத்தம் குடுக்கலாம், ஒரே தட்டுல திங்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னாக. அந்தம்மாவுக்கு என்ன சார், அவுக வீட்டுப் புள்ளையா? நான் பாதியிலயே எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

பொம்பளைப் புள்ள பொறந்துச்சு. வர்ணிகான்னு பேரு. நூத்துல அஞ்சாறுன்னாகள்ல, அந்த அஞ்சாறுல ஒண்ணு எங்க வீட்டுலதான் வந்து பொறந்துருக்கு. ஒண்ணரை வயசு வரைக்கும் பொறு, அதுக்கு முன்னால எடுத்தா அம்மா ரத்தத்துல இருக்கறதே புள்ளையில காட்டும்னாகளாம். ஒண்ணரை வயசுல எடுத்தாக. இருக்குன்னு வந்துருச்சு. இன்னொரு டெஸ்ட்டு எடுத்தாக. அதுலயும் இருக்கு. மூணு வயசானா மாத்திரை குடுத்துக் கழுவிரலாம், அது வரைக்கும் புள்ளை ஓடி ஆடட்டும்னு அனுப்பி விட்டாக.

இப்ப நீங்க சொல்லுங்க. எனக்கு ரெண்டு பயலுக இருக்காய்ங்க. நான் சூதானமா இருக்கணுமா வேணாமா? அந்தப் புள்ள எங்க வீட்டுக்கு வந்தா அதுக்குன்னு ஒரு டம்ளரு, ஒரு தட்டு, அடியில கோடு கீறி வச்சேன். பயலுக அதோட வெளையாடக் கூடாதுன்னுட்டேன். மாரீஸ்வரி மொனகுனா. டாக்டர் சொன்னதை நீயும் கேட்டேல்லன்னா. உனக்கு என்னடி தெரியும்னு ஒரு அதட்டு அதட்டுனேன்.

போன வருசப் பொங்கலு. அப்ப அதுக்கு ரெண்டு வயசு இருக்கும். பொங்கல் சீர் கொண்டுக்கிட்டு நான் அங்க போயிருந்தேன். சேர்ல உக்காந்து காப்பி குடிக்கிறேன். புள்ள உள்ள இருந்து மாமான்னு ஓடியாந்துச்சு. ஓடியாந்து என் மடியில ஏறிருச்சு. முழங்கால் ரத்தமா இருக்கு சார். எங்கயோ விழுந்து செராச்சுக்கிட்டு வந்துருக்கு, அதைக் காட்டத்தான் வந்துருக்கு. நான் என்ன செய்வேன்? எந்திரிச்சுட்டேன். கையில காப்பி வேற. படக்குன்னு எந்திரிச்சேனா, புள்ள தரையில போயி விழுந்துருச்சு. லேசாத்தான். தலையில சின்னதா ஒரு வீக்கம். அதுகூட அழுகல சார், என்னையவே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. ரேணுகா வந்து தூக்கிக்கிட்டுப் போனா. ஒரு வார்த்தை பேசல. எனக்கு அதுதான் கோவம். திட்டியிருந்தா நானும் நாலு திட்டியிருப்பேன், முடிஞ்சுருக்கும்.

ரத்தத்துலதான் தொத்தும்னு அவுகதான சொன்னாக? முழங்கால்ல ரத்தம் இருந்துச்சா இல்லையா? அதைக் கேட்டா ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்கறான்.

சரி விடுங்க. புள்ளைக்கு மூணு வயசாச்சு. மாத்திரை குடுத்தாக. பன்னண்டு வாரம், ஒரு நாள் விடாம. ரேணுகா பால் குடி மறக்கடிச்ச உடனேயே தனக்கு முடிச்சுட்டா. அப்பறம் மூணு மாசம் கழிச்சு டெஸ்ட்டு. ரெண்டு பேருக்கும் சுத்தமா இல்லையாம். போயே போச்சாம். எனக்கு நம்பிக்கை இல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமி, வந்ததும் தெரியல, போனது மட்டும் எப்படித் தெரியும்? ஆனா நாலு வயசு பொறக்கறதுக்குள்ள காது குத்திறணும்ல. ரெட்டை வயசுல குத்தக் கூடாது.

ரெண்டு மாசத்துக்கு முன்னால ரேணுகா எங்க வீட்டுக்கு வந்தா. தனியா வந்தா. மாப்பிள்ளைகிட்டக்கூடச் சொல்லலையாம், அப்பறந்தான் தெரிஞ்சுச்சு. தேதி குறிக்க வந்துருக்கான்னு எனக்குச் சந்தோசம். நான் எல்லாம் யோசிச்சு வச்சுருந்தேன் சார். ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கக் குடுத்துட்டேன், என் போட்டோ, புள்ள போட்டோ, "தாய்மாமன் சீர் சுமந்து வாறான்"னு பெரிய எழுத்துல. மடிக்கும் ஒரு வழி வச்சுருந்தேன். பந்தல்ல போடுற நீலத் தார்ப்பாய் இருக்குல்ல, அதுல ஒரு துண்டு வெட்டி மடியில விரிச்சுக்கிறது. அதுக்கு மேல பட்டுத் துண்டைப் போட்டுட்டா வெளிய தெரியாது. கைக்கு ரப்பர் உறை போட்டுக்கிட்டு மேல பூச் சுத்திக்கிறது. ஊசி குத்தும்போது ரத்தம் வரும்ல. ஆசாரிகிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வச்சேன், இப்படி இப்படி, நீ வெளிய சொல்லாத, சூதானமா இருன்னு. அவன் வர முடியாதுன்னுட்டான். போகட்டும், வேற ஆசாரியா கெடைக்க மாட்டான்?

இதை நான் அவகிட்டச் சொன்னேன் சார், பெருந்தன்மையாத்தான் சொன்னேன். உனக்காக எவ்வளவு யோசிச்சுருக்கேன் பாருன்னு. தார்ப்பாய்த் துண்டை எடுத்தாந்து காமிச்சேன். அவ அதைத் தொட்டுப் பாத்தா. அப்பறம் என் கையப் புடிச்சா.

"அண்ணே, மடிக்கு மேல தார்ப்பாய் விரிக்கிறியே, உனக்குள்ள இருக்கறதுக்கு எதை விரிப்ப?"ன்னா.

எனக்கு வெளங்கல. என்னடி சொல்றன்னேன்.

"கத்தாத. ரெண்டு வருசமா மனசுல வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு இது வந்த வழியைத் தேடுனாக. அந்த ஆபரேசன்ல ஏத்துன ரத்தம்தான் இருக்கும்னு டாக்டரம்மா சொல்றாக. நூத்துக்கு நூறு சொல்ல முடியாது, ஆனா குடுத்தவுக ஒரு தடவை பாத்துக்கிறது நல்லதுங்கறாக. யாருகிட்டயும் சொல்லல அண்ணே. அவருகிட்டக்கூடச் சொல்லல. யாரோ முன்பின் தெரியாதவுக ரத்தம்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுருக்கேன்."

அவ பாட்டுக்கு என் கண்ணு கீழ இமையை இழுத்துப் பாக்குறா. என் காலைப் பாக்குறா. "கால் ஏன் இப்படி வீங்கியிருக்கு? முன்ன மாதிரி நீ பந்தக்கால்ல ஏறுறதில்லையாமே, மதினி சொன்னாக. சாயங்காலமானா படுத்துக்கிறியாம். ஒரு சொட்டு ரத்தம் குடுத்தாப் போதும் அண்ணே, பாத்துருவாக. இருந்தாலும் மூணு மாசம் மாத்திரை. பெரியாஸ்பத்திரியில சும்மாவே குடுக்குறாக. இத்தனை வருசமாயிருச்சு, இன்னும் நாளைக் கடத்தாத. நீ போயிப் பாத்துட்டு வா. இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. பாத்துட்டு வா, என் புள்ளைய உன் மடியிலதான் உக்கார வைப்பேன். தார்ப்பாயெல்லாம் வேணாம்"னு சொல்லி அழுகுறா.

பாத்தீங்களா எப்படி இருக்குன்னு? ரத்தம் குடுத்து உசுரக் காப்பாத்துனவன் நான். சீக்கைக் குடுத்தவன்னு எம் மூஞ்சிக்கு நேராச் சொல்றா. கையப் புடிச்சுக்கிட்டே சொல்றா. நான் குடிக்கிறவனா? பீடி தொட்டிருப்பனா? நாள் பூரா நின்னா கால் வீங்கத்தான் செய்யும், யாருக்கு வீங்கல? எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. கைய உதறிட்டு வாசலுக்கு வந்துட்டேன். வந்து தெருவுல நின்னு கத்துனேன் சார். "எல்லாரும் வாங்கடா, கேளுங்கடா, இவளுக்கும் இவ புள்ளைக்கும் சீக்கு வந்தது என் ரத்தத்துலயாம்டா, இவ சொல்றா கேளுங்கடா"ன்னு. எதுத்த வீடு, பக்கத்து வீடு, டீக்கடை எல்லாம் கூடிருச்சு. அவ உள்ள இருந்து ஓடியாந்து என் வாயைப் பொத்துறா, அண்ணே வேணாம், அண்ணே வேணாம்னு. நான் ஏன் பொத்தணும்? எனக்கு என்ன பயம்?

அன்னையில இருந்து டீக்கடையில எனக்குப் பேப்பர் கப்புலதான் டீ வருது. கேட்டா, கிளாஸு கழுவலைங்கறான். இருக்கும், அவன் சோம்பேறி.

ஃப்ளெக்ஸு மட்டும் பஜார்ல கட்டிட்டேன். பத்திரிகை வரலைன்னா என்ன, தாய்மாமனுக்கு எதுக்குப் பத்திரிகை? தேதிய மாரீஸ்வரிதான் போன் பேசித் தெரிஞ்சுக்கிட்டா. இன்னைக்குக் காலையில இருபத்தோரு தட்டு, மேளம், வேன். வீட்டுக்குப் போனா பூட்டிக் கெடக்கு. பக்கத்துல விசாரிச்சா, கிளினிக்குல குத்துறாகளாம். காதுகுத்தைக் கிளினிக்குல வைப்பாய்ங்களா? அங்கிட்டுத் திரும்பி, மேளத்தை அடிங்கடான்னு அடிச்சுக்கிட்டே போயி வாசல்ல எறங்குனோம். நர்ஸு ஓடி வந்து, உள்ள புள்ளைக இருக்கு, சத்தம் போடாதீங்கன்னா. அடிங்கடான்னேன்.

உள்ள போனா, ரேணுகா சேர்ல உக்காந்துருக்கா. மடியில புள்ள. ஒரு காது குத்தியாச்சு. கம்மல் மினுங்குது, கன்னத்துல கண்ணீர் வழிஞ்சு கெடக்கு. மாப்பிள்ளை பக்கத்துல மண்டி போட்டுப் புள்ளையோட கால் ரெண்டையும் புடிச்சுக்கிட்டு இருக்காரு. இன்னொரு காதுக்கு டாக்டரம்மா மருந்து தொட்டு வச்சுக்கிட்டு இருக்காக. என்னையப் பாத்ததும் எல்லாரும் அப்படியே நின்னுட்டாக.

பக்கத்துல கெடந்த சேரை இழுத்துப் போட்டு உக்காந்தேன். துண்டை மடியில விரிச்சேன். தார்ப்பாய் கொண்டு போகல. அதை எழுதி வச்சுக்கங்க. தார்ப்பாய் இல்ல, உறை இல்ல, வெறும் மடி. "ஒரு காது போகட்டும், இன்னொரு காதுக்காவது கொண்டா"ன்னேன்.

ரேணுகா என்னையப் பாத்தா. "போயிப் பாத்தியா அண்ணே?"ன்னா. மெதுவாத்தான் கேட்டா.

"எதைப் பாக்க? எனக்கு என்ன கேடு?"ன்னு நான் கத்துனேன். கூட வந்த பதினெட்டுப் பேரும் வாசல்ல இருந்து எட்டிப் பாக்குறாய்ங்க. நான் எப்படி எறங்கிப் பேசுறது?

மாப்பிள்ளை எந்திரிச்சாரு. வாயில்லாத மனுசன்னு சொன்னேன்ல, மொத தடவையா வாயத் தெறந்தாரு. "வேணாம் ரேணு"ன்னாரு. அவ கேக்கல. அவ புள்ளைய ரெண்டு கையாலயும் தூக்கிட்டா சார். டெஸ்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு தூக்கி என் பக்கம் நீட்டிட்டா. "மாமா மடியில போயி உக்காரு சாமி, இன்னொரு காது மாமா மடியிலதான் குத்தணும்"னா. அழுதுக்கிட்டேதான் சொன்னா. நான் ரெண்டு கையையும் விரிச்சுட்டேன்.

புள்ள வரல. கால் ரெண்டையும் மடக்கிக்கிருச்சு. அவ கழுத்தைக் கட்டிக்கிட்டு என் மடியைப் பாக்குது, என் மூஞ்சியப் பாக்குது. "மாட்டேன்மா. மாமா எந்திரிச்சுருவாக. நான் விழுந்துருவேன்"னுச்சு.

மேளம் நின்னுருச்சு. எவன் நிறுத்தச் சொன்னான்னு தெரியல, நின்னுருச்சு.

நான் எந்திரிக்க மாட்டேன் சாமின்னேன். சத்தியமா எந்திரிக்க மாட்டேன்னேன். அது தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு. டாக்டரம்மா என்னையப் பாக்காம, தொட்டு வச்ச மருந்து காஞ்சுரும், குழந்தைய வற்புறுத்தாதீங்கன்னாக. ரேணுகா திரும்பி உக்காந்துட்டா. மடியிலயே வச்சுக்கிட்டா. புள்ள வீல்னுச்சு. அவதான் இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. நான் அந்தச் சேர்லயே, மடியில துண்டை விரிச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன். எந்திரிக்கல. சொன்ன மாதிரியே எந்திரிக்கல சார்.

சொல்லிக் குடுத்துருக்கா. இல்லாட்டி ரெண்டு வயசுல நடந்தது புள்ளைக்கு எப்படி நெனைப்பிருக்கும்? ராத்திரியும் பகலுமாச் சொல்லிக் குடுத்து வளத்துருக்கா. நீட்டுற மாதிரி நீட்டி, ஊரு முன்னால என்னைய அசிங்கப்படுத்திட்டா. அந்த அழுகையும் நடிப்பு. உங்களுக்கு அது வெளங்குதா இல்லையா?

போதும் சார். முடிஞ்சுருச்சு. இனி அவளுக்கும் எனக்கும் ஒண்ணும் கெடையாது. செத்தாலும் வர மாட்டேன்னு அங்கயே சொல்லிட்டு வந்துட்டேன். அவளுக்கு என்ன, எல்லாம் கெடைச்சுருச்சு. இந்தக் கையில இருந்து ஒரு பாட்டிலு போச்சு. அதோட சேந்து போனது இருபத்தஞ்சு வருசம் அவ உடம்புல கெடந்துச்சு. அவ வயித்துல இருந்து அந்தப் பிஞ்சுக்குப் போச்சு. ஆளுக்கு மூணு மாசம் மாத்திரையப் போட்டுக்கிட்டு, ரெண்டு பேரும் என்னையக் கழுவி ஊத்திட்டாளுக. நான் குடுத்தது ஒண்ணும் இப்ப அவளுக உடம்புல இல்ல. எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு.

என்ன சார்?

இல்ல, நான் ரத்தத்தைச் சொன்னேன். ரத்தத்தைத்தான் சொன்னேன். நீங்க என்னமோ நெனச்சுக்கிட்டு பாக்குறீங்க. என்னையப் பாக்காதீங்க சார். அங்கிட்டுத் திரும்பி உக்காருங்க.